குலுக்கை அறைக் கன்று

கம்பத்திலிருந்து கூடலூருக்குப் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, மேற்கு மலையைப் பார்த்து நடந்தால், தென்னந்தோப்புகள் முடியும் இடத்தில் ஓர் ஓடை குறுக்கிடும். ஓடையின் அக்கரையில் பதினான்கு வீடுகள். கடைசி வீடு மொக்கைச்சாமியுடையது. 1964ஆம் வருடம் ஆவணி மாதம் குருசாமி அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். விருந்துக்கு வருகிற மாப்பிள்ளைகள் விருந்து முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவன் கிளம்பவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று பேசித்தான் அழைத்து வந்திருந்தார்கள்.

அவன் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம். அப்பா வைகை அணை கட்டியபோது கல் சுமந்தவர். அணை எழுந்து நின்றது. கல் சுமந்தவர் படுத்துவிட்டார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. குருசாமிக்கு நிலம் கிடையாது, கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மொக்கைச்சாமிக்கோ ஒரே மகள், பாண்டியம்மாள். அவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மனமில்லாதவர், கேட்க நாதியில்லாத பையனாகத் தேடிப் பிடித்தார்.

அந்த வீட்டில் அவனை யாரும் அடித்ததில்லை. பட்டினி போட்டதும் இல்லை. மாமியார் ராமுத்தாய் வட்டில் நிறையச் சோறு வைப்பாள். ஆனால் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள் என்று அவன் வாய்விட்டுக் கேட்டது கிடையாது. கம்பத்துச் சந்தைக்குப் போனால், எப்போது வருவாய் என்று கேட்டுத்தான் மாமனார் அனுப்புவார். வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார். தீபாவளிக்கு அவனுக்குச் சட்டைத் துணி எடுப்பதும் அவர்தான், தையல்காரரிடம் அளவு சொல்வதும் அவர்தான். அளவு எடுக்க மாப்பிள்ளை வர வேண்டாமா என்று தையல்காரர் கேட்டால், "எனக்குத் தெரியாத உடம்பா?" என்பார். ஏழு வருடத்தில் குருசாமி தனக்கென்று தானே வாங்கியது ஒரு முள்வாங்கி மட்டும். அது அரைஞாண் கயிற்றில் எப்போதும் தொங்கும்.

பாண்டியம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "நமக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா நம்மளையும் இந்த வீட்டுல பெரிய மனுசரா நினைச்சிருப்பாக" என்று ஒருமுறை சொன்னாள். மற்றபடி அய்யாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசிக் குருசாமி கேட்டதில்லை.

1971 சித்திரையில் தேங்காய் வெட்டுப் பேசுவதற்காகச் சேக் பரீத் ராவுத்தர் வந்தார். கூடலூரில் அவருக்கு ஒரு தோப்பு இருந்தது. தோப்புக்குள் ஓர் ஓட்டு வீடும் சின்னத் தொழுவமும் சும்மா கிடந்தன. குருசாமி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், மொக்கைச்சாமி அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா குருசாமி, என் தோப்பைப் பாத்துக்கிட நம்பிக்கையான ஆளு வேணும். சொந்தமா ஒரு பசுவும் கன்னும் இருந்தா ஓட்டிக்கிட்டு வந்துரு. புல்லு கெடக்கு, வீடு கெடக்கு. கூடலூர்ல பால் ஊத்தியே பொழைச்சுக்கிடலாம்."

"எனக்கு ஏது ராவுத்தரே பசு? நானே இங்கன கட்டிக்கெடக்கேன்."

ராவுத்தர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல் என்று போய்விட்டார்.

யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. தொழுவத்தில் பால் மாடு என்று இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது கொம்பு சற்றே உள்வளைவு. மடி நல்ல மடி. ஆனால் அதன் கன்றுகள் தங்கவில்லை. முதல் ஈற்று காளைக்கன்று, இரண்டாவது கிடேரி. இரண்டும் தொப்புளில் புழு வைத்துச் செத்தன.

பிறந்த கன்றின் தொப்புள் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அது காய்ந்து உதிர்வதற்குள் பச்சை ஈ வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். ரவையை அள்ளி அப்பியது போல முட்டையிட்டுவிட்டுப் போகும். மறுநாளே அது புழுவாகி உள்ளே குடையத் தொடங்கிவிடும். கன்று மடியை விட்டு ஒதுங்கும், முதுகை வளைக்கும், பின்காலால் தன் வயிற்றையே உதைக்கும். அப்போது புரட்டிப் பார்த்தால் நேரம் கடந்திருக்கும். சீத்தா இலையை அரைத்து அப்புவார்கள். கற்பூரத்தைப் பொடித்துத் திணிப்பார்கள். இரண்டாவது ஈற்றுக் கிடேரிக்குக் குருசாமி முள்வாங்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் பார்த்தான். மேலே இருப்பதை எடுக்க எடுக்க, அடுத்தது உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிடேரி அவன் மடியில் தலையை வைத்தபடியே விறைத்துப் போயிற்று.

ஆனி ஆடிச் சாரலில் மற்ற வீட்டுக் கன்றுகளுக்கும் புழு வைப்பது உண்டு. ஒன்றிரண்டு சாவதும் உண்டு. அடுத்தடுத்து இரண்டும் போனது இந்த ஒரு தொழுவத்தில்தான். "மாப்பிள்ளை கைராசி அப்பிடி" என்று மொக்கைச்சாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இரண்டு கன்றையும் வாங்கித் தரையில் விட்ட கை அவனுடையதாம்.

ஆனி மாதம் தேங்காய் ஏற்ற வண்டியோடு வந்த ராவுத்தர், இந்த முறை நேராகவே கேட்டுவிட்டார்.

"மொக்கைச்சாமிண்ணே, குருசாமியை எங்கிட்ட விடுறீகளா? கூடலூர் என்ன சீமையா? கூப்பிட்ட குரலுக்கு வந்து நிப்பான்."

மொக்கைச்சாமி வெற்றிலையை மென்றுகொண்டே மருமகனைப் பார்த்தார். குருசாமி கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. நிமிரவும் இல்லை.

"நான் என்ன காலைப் பிடிச்சுக்கிட்டா இருக்கேன்? போகட்டுமே" என்று சிரித்தார் மொக்கைச்சாமி. "செவலை இந்த மாசம் ஈனப் போகுது. இந்தக் கன்னையாவது உசுரோட தொப்புள் காய வச்சுக் காட்டச் சொல்லுங்க. பசுவையும் கன்னையும் கையில பிடிச்சுக் குடுத்து, மகளையும் அனுப்பி வைக்கிறேன். கன்னு போச்சுன்னு வைங்க, தனியாப் போற பேச்சை இந்த வீட்டுல எவரும் எடுக்கக் கூடாது. நான் செத்த பெறகும் எடுக்கக் கூடாது."

"அப்ப நான் சாட்சி."

"தாராளமா இருங்க ராவுத்தரே. உங்களுக்கும் சீம்பால் உண்டு."

அந்தச் சிரிப்பு குருசாமிக்குப் புரிந்தது. கன்று பிழைக்காது என்ற தைரியத்தில் பேசிய பேச்சு அது. ஆனாலும் பேச்சு பேச்சுதான். கதவுக்குப் பின்னால் நின்ற பாண்டியம்மாளின் காதிலும் விழுந்திருந்தது.

ஆனி கடைசியில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் செவலை ஈன்றது. கிடேரி. தாயைப் போலவே நெற்றியில் சுட்டி. குருசாமி மூக்கையும் வாயையும் துடைத்து, குளம்பைக் கிள்ளி விட்டு, வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து வைத்திருந்ததைத் தொப்புளில் தடவினான். மத்தியானம் இளங்கொடி விழுந்தது.

கன்றுக்குப் பின்னால் பசுவின் வயிற்றிலிருந்து வருகிற அந்தக் கொடியை நாய் இழுக்கக்கூடாது, காக்கை கொத்தக்கூடாது. வைக்கோலில் பொதிந்து, பழைய சாக்கில் சுற்றி, பால் வடிகிற ஆலமரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் பசுவுக்குப் பால் குறையாமல் நிற்கும். ஊருக்குத் தெற்கே, ஓடை திரும்பும் இடத்தில் அதற்கென்றே ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. மற்ற பதின்மூன்று வீட்டாரும் அதில்தான் கட்டுவார்கள். மொக்கைச்சாமி கட்டமாட்டார். பங்காளிகளில் எவனாவது அறுத்துக்கொண்டு போய்விட்டால் தன் மாட்டுப் பால் அவன் வீட்டுக்குப் போய்விடும் என்பது அவருடைய பயம். அவர் தொழுவத்தை ஒட்டி ஓர் ஆல் நின்றது. அதன் கிளையொன்று தொழுவத்துக் கூரைமேலேயே படர்ந்திருந்தது. "என் கண்ணு முன்னால தொங்கட்டும்" என்பார். ஏறிக் கட்டுகிறவன் குருசாமி. முதல் இரண்டு ஈற்றுப் பொதிகளும் கருத்துச் சுருங்கி இன்னும் அங்கேயே தொங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதையும் கட்டிவிட்டு இறங்கினான்.

இறங்கியதும் நேரே மாமியாரிடம் போனான்.

"அத்தை, குலுக்கை அறையில கன்னைக் கட்டிக்கிறட்டுமா?"

குலுக்கை அறை வீட்டின் மேற்கு ஓரத்தில், தொழுவத்தை ஒட்டி இருந்தது. ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த மூன்று குலுக்கைகள், அவற்றில் நெல்லும் கம்பும் சோளமும். அறைக்கு ஒரு கதவு. மேற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம். எந்நேரமும் இருட்டுத்தான். கம்பு அள்ளுவதற்காக உள்ளே போகும்போதெல்லாம், முதுகில் மொய்த்துக்கொண்டு வந்த ஈக்கள் வாசலோடு விலகிப்போவதைக் குருசாமி பல தடவை பார்த்திருந்தான். ஈக்கு இருட்டு ஆகாது. அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

ராமுத்தாய் முகத்தில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி! வெதை நெல்லு இருக்கிற எடத்துல மாட்டைக் கட்டவா? ஒரு சொட்டு மூத்திரம் தரையில விழுந்துச்சு, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"விழாது அத்தை. நான் கூடவே உக்காந்திருக்கேன். சட்டியில ஏந்திக்கிறேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"தொப்புள் உதிருற வரைக்கும்."

ராமுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சரி என்றாள். மொக்கைச்சாமியும் தடுக்கவில்லை. மருமகன் வேலைக்குக் கூலியாள் ஒருவனை வைத்துக்கொண்டார்.

விடிவதற்கு முன்னும் விளக்கு வைத்த பின்னும் குருசாமி கன்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வருவான். செவலை அங்கே நிற்கும். கன்று முட்டி முட்டிக் குடிக்கும். தாய் நக்கிக் கொடுக்கும். வயிறு நிறைந்ததும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். உச்சிப் பொழுதில் பாண்டியம்மாள் செம்பில் பால் கறந்து கொண்டுவருவாள். அவன் விரலைப் பாலில் நனைத்துக் கொடுக்க, கன்று விரலோடு சேர்த்துச் சப்பும். மற்ற நேரமெல்லாம் கதவு சாத்தியிருக்கும். கன்று காலை அகட்டும் சத்தம் கேட்டால் சட்டியைத் தேடி ஓட வேண்டும். தாய் வெளியே கூப்பிடும். கன்று உள்ளே பதில் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரில் முதுகைச் சாய்த்து அவன் உட்கார்ந்திருப்பான்.

ஊருக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது. பாண்டியம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாயக்காள், மச்சான் முறைக்காரனைக் கேலி செய்யக் கிடைத்த வாய்ப்பை விடுகிறவள் இல்லை. மறுநாளே நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து குலுக்கை அறைக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, மச்சானுக்குச் சுகப் பிரசவமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பொம்பளைப் பிள்ளையாம்ல! மூக்கும் முழியும் மச்சானை அப்பிடியே உரிச்சு வச்சிருக்காம். பத்தியச் சோறு குடுத்தியாக்கா? மச்சான், குளிர்ந்த தண்ணியில கையை வச்சிராதீக, பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்! தீட்டுக் கழிக்கிற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, பிள்ளை நாக்குல சேனை தொட்டு வைக்க நான் வாரேன்."

உள்ளே குருசாமிக்குக் காது சுட்டது. கேலி அவனைப் பற்றியது. ஆனால் பிள்ளை என்ற சொல் யார் நெஞ்சில் போய்க் குத்தும் என்று அவனுக்குத் தெரியும். கதவுக்கு அப்பால் பாண்டியம்மாளின் குரல் கேட்டது.

"பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு. சத்தம் போடாமப் போங்கடி."

அந்தக் குரலில் கோபம் இல்லை. மாயக்காள் கூட வந்தவர்களைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். இருட்டுக்குள் குருசாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கன்று அவன் முகத்தை நக்கியது.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. நாள் போகப் போக அறை சிறுத்துக்கொண்டே வந்தது. சாணமும் வேப்பெண்ணெயும் பழைய தானியமும் கலந்த நாற்றம் தொண்டையில் நின்றது. வெளியே வீடு தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது. மாமனார் கூலியாளை ஏவினார். கூலியாள் சரி என்றான். மாமியார் உலை வைத்தாள். மண்வெட்டி போனது, வந்தது. தான் உள்ளே இருப்பதால் எதுவும் நின்றுபோகவில்லை என்பதைக் குருசாமி சுவருக்கு இப்பால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு வருடம் செய்த வேலையை ஒரு கூலியாள் ஒரே நாளில் எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வேண்டியது வேலை. ஆள் யாராக இருந்தாலும் ஒன்றுதான். அப்படியிருந்தும் தன்னை விட மாட்டேன் என்கிறார்கள். இதை நினைத்தால் மூச்சு முட்டியது. எழுந்து நின்றால் தோள் குலுக்கையில் இடித்தது. கன்றைத் தடவிப் பார்ப்பான். தொப்புள் இன்னும் ஈரம். மறுபடி உட்காருவான்.

துவாரத்தைச் சாக்கால் அடைத்து வைத்திருந்தான். மூச்சுத் தாங்காத ஒரு பிற்பகலில் சாக்கின் ஓரத்தை விரல் அகலத்துக்கு ஒதுக்கி, அதில் முகத்தை வைத்தான். தொழுவமும் ஆலின் கிளையும் தெரிந்தன. வேறொன்றும் தெரியாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாரல் விட்டு வெயில் அடித்தது. புதிதாகக் கட்டிய பொதியிலிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. பொதியின் அடிப்பாகம் பச்சையாக மின்னியது. முதலில் அது இலை என்று நினைத்தான். வெயில் உறைத்ததும் அந்தப் பச்சை எழுந்து பறந்தது. அத்தனையும் ஈ. பொதியிலிருந்து தொழுவத்துக்கு நேராக இறங்கின. செவலையின் பின்புறத்தில் உட்கார்ந்து பார்த்தன. கன்று கட்டும் முளைக்குச்சியைச் சுற்றின. அங்கே கன்று இல்லை. மறுபடி பொதிக்கே போயின. திரும்ப வந்தன.

குப்பைக் குழியிலிருந்துதான் ஈ வருகிறது என்று இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். இரண்டாவது கன்று ஈன்றபோது குழியை மண் போட்டு மூடிக்கூடப் பார்த்தான். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று ஒன்றையே பார்க்கிற ஓய்வு அவனுக்கு அந்த வீட்டில் இதுவரை வாய்த்ததில்லை. பொதி தொங்கிய கயிறு அவன் திரித்தது. முடிச்சு அவன் போட்டது. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாக்கை இழுத்து மூடினான்.

விளக்கு வைத்ததும் முற்றத்தில் மாமனாரிடம் சொன்னான்.

"மாமா, அந்தப் பொதியை இறக்கித் தெக்க பெரிய ஆலமரத்துல கட்டிரலாம். ஈ அங்கன இருந்துதான் வருது. நான் கண்ணால பாத்தேன்."

"கட்டின கொடியை அவுக்கவா? பாலு வத்திப்போகும்."

"எடம் மாத்திக் கட்டுறதுதானே மாமா?"

"யாருகிட்டப் பேசுற நீ? என் தாத்தன் காலத்துல இருந்து கட்டின கொடியை ஒருத்தன் அவுத்ததில்லை. உள்ள உக்காந்து உக்காந்து மாப்பிள்ளைக்கு மூளை வெந்து போச்சு. போ, போய்ப் பிள்ளையைப் பாரு."

மறுநாள் உச்சி வெயிலில் குலுக்கை அறைக் கதவு படாரென்று திறந்தது. தேவாரத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு மொக்கைச்சாமி வாசலில் நின்றார். "வந்து பாருங்க, எங்க மாப்பிள்ளை பிள்ளை பெத்துப் படுத்திருக்கிற அழகை!" வெளிச்சம் கத்தி போல் உள்ளே விழுந்தது. குருசாமிக்குக் கண் கூசியது.

"கதவு மாமா! கதவைச் சாத்துங்க!"

"இந்தா, இப்பத்தான் வந்தாக. ஒரு வாய் வெத்திலைகூடப் போடலை..."

உறவுக்காரர் சிரித்தார், கன்றுக்குச் சுழி நன்றாக இருக்கிறது என்றார், தன் வீட்டுக் கன்று செத்த கதையைச் சொன்னார். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது அறைக்குள் ஒரு ரீங்காரம் மிஞ்சியது.

இருட்டில் ஈ கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் கேட்கிற வரை பயமில்லை. நின்றுவிட்டால் எங்கோ உட்கார்ந்துவிட்டது என்று பொருள். குருசாமி துண்டை வீசிப் பார்த்தான். சத்தம் குலுக்கைக்குப் பின்னால் போனது. கதவைத் திறந்து விரட்டலாம். திறந்தால் இன்னும் பத்து வரும். சத்தம் நின்றது.

அவன் கன்றைப் படுக்க வைத்து, தொப்புளைத் தன் கையால் மூடிக்கொண்டான். மேலே இன்னொரு கையையும் வைத்துக்கொண்டான். அப்படியே உட்கார்ந்தான். கன்றுக்குப் பசித்தது, எழப் பார்த்தது. முழங்காலால் அணைத்துக்கொண்டான். பாண்டியம்மாள் பாலோடு வந்து கதவைத் தட்டியபோது, திறக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டான். கை மரத்தது. கன்று பெய்த மூத்திரம் அவன் வேட்டியை நனைத்தது. ராமுத்தாயின் தரையையும் நனைத்தது. கையை எடுக்கவில்லை. புறங்கையில் ஏதோ ஊர்ந்தது. உதறினால் கை விலகும் என்று உதறாமல் இருந்தான்.

பொழுது இறங்கியதும் பாண்டியம்மாள் விளக்கோடு வந்தாள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவன் புறங்கைதான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருந்த மடிப்பில், ஒரு சிட்டிகை வெள்ளை ரவை.

"அய்யய்யோ, என்னங்க இது!"

"அதை விடு. கையை எடுக்கிறேன், விளக்கைக் கிட்டத்துல காட்டு."

தொப்புளின் ஓரத்திலும் சிறிது இருந்தது. கடுகளவுதான். மரத்துப்போன விரல்களால் முள்வாங்கியைப் பிடிக்க அவனுக்கு முடியவில்லை. பாண்டியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். விளக்கை அவன் பிடிக்க, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து விளக்குச் சுடரில் காட்டினாள். படபடவென்று பொரிந்தன. பிறகு வேப்பெண்ணெயும் கற்பூரமும் தடவினாள். பிறகு அவன் கையைப் பிடித்து, விரலிடுக்கில் இருந்ததையும் எடுத்தாள். கையை விடவில்லை.

"அய்யாதானே கதவைத் திறந்தாக?" என்று கேட்டாள்.

அவன் கன்றின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஈரமான தரையை முந்தானையாலேயே துடைத்தாள். அன்றிலிருந்து பகலில் அந்தக் கதவுக்கு வெளியே முறத்தோடு உட்கார்ந்து தானியம் புடைக்க ஆரம்பித்தாள். அவளைத் தாண்டி யாரும் கதவைத் தொடவில்லை.

தொப்புள் கருத்தது, சுருங்கியது, ஒரு காலையில் காய்ந்த கத்தரிக்காய்க் காம்பு போல உதிர்ந்து வைக்கோலில் கிடந்தது. அடியில் தோல் வறண்டு மூடியிருந்தது. குருசாமி கன்றை அவிழ்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். அது முற்றத்தில் நின்று கண்ணைச் சிமிட்டியது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடியது. உதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்து மாமனார் முன்னால் நீட்டினான்.

மொக்கைச்சாமி அதைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், வயலுக்குப் போய்விட்டார். செய்தி கேள்விப்பட்டு ராவுத்தர் வந்து சேர்ந்தபோது மொக்கைச்சாமியும் வயலிலிருந்து திரும்பியிருந்தார்; முற்றத்தில் பாதி ஊர் நின்றது. பாண்டியம்மாள் இரண்டு பித்தளைப் பானையும் ஒரு துணி மூட்டையும் கட்டி வைத்திருந்தாள். ராமுத்தாய் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்" என்றார் மொக்கைச்சாமி. "பசுவை அவுத்துக்க. கன்னையும் ஓட்டிக்க. ஆனா கொடி இங்கனதான் இருக்கும். கட்டின கொடியை எறக்க விடமாட்டேன். பாலு கொடி இருக்கிற எடத்துலதான் நிக்கும், பாத்துக்க."

கொடி ஓரிடத்திலும் பசு ஓரிடத்திலும் இருந்த கதையை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. குருசாமி, செவலையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பால் இல்லாத பசுவோடு கூடலூரில் போய் என்ன செய்வது? போனாலும் மொக்கைச்சாமி மரத்தில்தான் கட்டுண்டு கிடக்க வேண்டும். பார்வை தானாகவே ராவுத்தரிடம் போனது.

"இது உங்க வழக்கம்ப்பா. இதுல நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் அவர், சங்கடத்தோடு.

குருசாமி கயிற்றை விட்டுவிட்டு, தொழுவத்தில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்தான்.

"ஏலே!" மொக்கைச்சாமியின் குரல் உயர்ந்தது. ஏழு வருடத்தில் முதல் முறையாக மாப்பிள்ளை என்ற சொல் போய்விட்டது. "எவன் வீட்டு மரத்துல எவன்லே கை வைக்கிறது? தொட்டுப் பாரு, ஊரைக் கூட்டி உன்னைத் திருடன்னு கட்டி வைக்கிறேன்."

பங்காளிகளில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். குருசாமியின் கை நடுவில் நின்றது.

பாண்டியம்மாள் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, அவன் கையிலிருந்து தொரட்டியை வாங்கினாள்.

"நீங்க தள்ளுங்க. நான் பொறந்த வீட்டு மரம் இது. என்னை எவரும் திருடின்னு சொல்ல முடியாது."

"பாண்டி!" என்றார் மொக்கைச்சாமி.

"நீங்களும் தள்ளிக்கங்கய்யா. மேல விழும்."

அவர் தள்ளவில்லை. அவள் அண்ணாந்து, தொரட்டியைக் கயிற்றில் மாட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கயிறு உறுதியானது, குருசாமி திரித்தது. இரண்டாவது இழுப்பில் அறுந்தது. பொதி தொழுவத்துக் கூரையில் விழுந்து உருண்டு, மொக்கைச்சாமியின் காலடியில் வந்து பிளந்தது. ஈக்கள் புகையாகக் கிளம்பின. மழையில் ஊறிய சாக்குக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகப் புழு சிந்தி, அவர் பாதத்தைச் சுற்றி நெளிந்தது. ஒரு கன்றைத் தின்னப் போதுமான புழு. பத்துக் கன்றைத் தின்னவும் போதும்.

மொக்கைச்சாமி காலை உதறிப் பின்வாங்கினார். கீழே பார்த்தார். பிறகு கிளையில் சுருங்கித் தொங்கிய பழைய பொதிகள் இரண்டையும் பார்த்தார். பிறகு, அவற்றுக்கு நேர் கீழே இருந்த தொழுவத்தைப் பார்த்தார். மாயக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்படியிலிருந்து வந்திருந்த ராமுத்தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"புதைச்சிட்டுப் போங்க" என்றார் மொக்கைச்சாமி. வீட்டுக்குள் போய்விட்டார்.

ஓடைக்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். கன்று முன்னால் ஓடியது. பசு அதன் பின்னால் போனது. கூடலூர் போய்ச் சேர்ந்த அன்று மாலை செவலை எப்போதும் போலக் கறந்தது. முதல் செம்புப் பாலைப் பாண்டியம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தாள்.

அந்த வருடத்துக்குப் பிறகு மொக்கைச்சாமி இளங்கொடியை ஊர் ஆலமரத்துக்குத்தான் கொண்டுபோனார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குருசாமியின் கைராசி மட்டும் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிட்டது. கன்று ஈனும் காலத்தில் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வந்து அவனைக் கூப்பிடுவார்கள். அவன் போவான், எந்த அறையை இருட்டாக்க வேண்டும், எங்கே சாக்கு அடைக்க வேண்டும், கொடியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று காட்டிக் கொடுப்பான். உள்ளே உட்காரச் சொன்னால் மட்டும் மாட்டான். வெளியே வந்து நின்றுகொள்வான்.

பத்து வருடம் கழித்து, ராவுத்தரின் தோப்புக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினான். கன்றுக்கென்று ஓர் இருட்டறை அதில் உண்டு. ஈ புகாத கதவு, உள்ளே கொக்கி, வெளியே கொக்கி. அவனும் பாண்டியம்மாளும் படுக்கிற அறைக்குத் தச்சன் நிலை வைத்துவிட்டுக் கதவுக்கு அளவெடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கள்ளன் வருவான், மழைச்சாரல் அடிக்கும் என்றெல்லாம் தச்சன் சொல்லிப் பார்த்தான். பாண்டியம்மாள் குறுக்கே பேசவில்லை. அந்த நிலைக்குக் கடைசி வரை கதவு போடவில்லை. சாரல் அடிக்கிற மாதங்களில் அவள் ஒரு பழைய சேலையை அதில் கட்டுவாள். அவன் எழுந்து அதையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வந்து படுப்பான்.